காற்றை நம்பி ஓடும் பந்தய எஞ்சின்

விழுப்புரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஓர் ஆக்டிவா நிற்கும். அதன் வலப்பக்கம் குனிந்து பார்த்தால் பிளாஸ்டிக் மூடி ஒன்றில் கீற்றுக் கீற்றாகத் துளைகள் தெரியும். அதற்குள்ளே கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு விசிறி இருக்கிறது. எஞ்சின் சுற்றும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து சுற்றி, வெளிக்காற்றை இழுத்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள உறைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் நின்றாலும் எஞ்சினுக்குக் காற்று கிடைக்கும்.

1970-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே நிறுவனம் முதன்முறையாக ஒட்டுமொத்த வெற்றி பெற்றது. அதில் வென்ற 917 காரிலும் ஏற்பாடு இதுதான். பன்னிரண்டு சிலிண்டர்கள், பக்கத்துக்கு ஆறாகப் படுத்திருக்கும். அவற்றின் தலைக்கு மேல் கிடைமட்டமாகப் பெரிய விசிறி ஒன்று. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. அந்த விசிறியைச் சுழற்ற மட்டும் சுமார் 17 குதிரைத்திறன் செலவானது. இரண்டு ஆக்டிவாக்களின் மொத்த சக்தி அளவுக்கு அந்த விசிறியே தின்றது. ஐநூற்றுச் சொச்சம் குதிரைத்திறன் தரும் எஞ்சினுக்கு அது கட்டுப்படியாகும் விலைதான்.

நம் தெரு ஸ்கூட்டரையும் அந்தக் காரையும் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. காற்றால் குளிரும் எஞ்சின் என்றால் பழசு, மலிவு, நாலு கிலோமீட்டர் போனால் கொதிப்பது என்ற எண்ணம் இங்கே பலரிடம் இருக்கிறது. பந்தயத்துக்கு அதைத் தயார்செய்பவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அது ஒரு வெப்பக் கணக்கு. எரிபொருளில் இருந்து வரும் வெப்பத்தில் எவ்வளவு வேலையாக மாறுகிறது, மிச்சம் எந்த வழியாக, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை ஒழுங்காகக் கணக்குப் போட்டவரின் எஞ்சின் கடைசிச் சுற்று வரை ஓடும். இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ அந்தக் கணக்கைப் போட்டுக் கண்ட அளவுகளை அப்படியே எடுத்து வந்து திண்டிவனத்து மே மாதத்தில் ஓட்ட முடியாது என்பதுதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது.

முதலில் வெப்பத்தின் அளவைப் பார்ப்போம். பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் கால் பங்கு, நன்றாகச் செய்த எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு, சக்கரத்துக்குப் போகும் வேலையாக மாறுகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். மீதியைச் சிலிண்டர் சுவரும் ஹெட்டும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு காற்றுக்குக் கொடுக்க வேண்டும். 50 குதிரைத்திறன் தரும் எஞ்சின் என்றால் வேலையாக மாறுவது சுமார் 37 கிலோவாட். அதே சமயத்தில் உலோகம் வழியாக வெளியேற வேண்டிய வெப்பமும் 30 கிலோவாட்டை ஒட்டி இருக்கும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் முப்பதை ஒரே நேரத்தில் சூடாக்கினால் எவ்வளவு வெப்பம் வருமோ, அவ்வளவும் இரண்டு கைக்குள் அடங்கும் ஓர் உலோகக் கட்டியிலிருந்து ஒவ்வொரு நொடியும் வெளியேறியாக வேண்டும்.

அதற்குத்தான் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக ஃபின்கள். பரப்பு அதிகமானால் காற்று எடுத்துக்கொள்ளும் வெப்பம் அதிகமாகும் என்பது எல்லோருக்கும் புரியும். ஆனால் ஃபினை நீட்டிக்கொண்டே போனால் பயன் நின்றுவிடும். அடியிலிருந்து நுனிக்கு வெப்பம் உலோகத்துக்குள் நடந்து வர வேண்டும். வரும் வழியிலேயே அது காற்றுக்குப் போய்விடுவதால் நீளமான ஃபினின் நுனி கிட்டத்தட்டச் சும்மாதான் நிற்கும். நெருக்கமாக அடுக்கினாலும் தொல்லை. ஒவ்வொரு ஃபினையும் ஒட்டி மெதுவாக நகரும் காற்றுப் படலம் ஒன்று உண்டு. இரண்டு ஃபின்களின் படலங்களும் நடுவில் முட்டிக்கொண்டால் புதுக்காற்று உள்ளே நுழையாது. உலோகமும் முக்கியம். வார்ப்பிரும்பைவிட அலுமினியக் கலவை மூன்று மடங்கு அளவுக்கு வெப்பத்தைக் கடத்தும். பழைய புல்லட்டில் ஹெட் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. பந்தயத்துக்கென்று செய்த எஞ்சின்களில் சிலிண்டரும் அலுமினியமாகி, உள்ளே மெல்லிய இரும்பு லைனர் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் போய், நிக்கலோடு சிலிக்கன் கார்பைடு துகள்களைச் சேர்த்துப் பூசிய சுவர் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் போர்ஷே பந்தய எஞ்சின்களில் வந்த அந்தப் பூச்சு, இன்று ஏராளமான பைக்குகளின் சிலிண்டர்களுக்குள் இருக்கிறது.

இனி நம் ஊர் வெயில். ஹெட்டின் வெப்பநிலை 200 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 15 டிகிரி இருக்கும் ஐரோப்பிய வசந்தத்தில் உலோகத்துக்கும் காற்றுக்கும் இடையே 185 டிகிரி வித்தியாசம். கத்திரி வெயிலில் விக்கிரவாண்டிச் சாலையில் காற்றே 40 டிகிரி. வித்தியாசம் 160-ஆகக் குறைகிறது. வெப்பம் வெளியேறும் வேகம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதால், அதே ஃபின், அதே வேகத்தில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைவாகக் குளிரும். தார்ச்சாலையை ஒட்டிய காற்று நிழலில் அளக்கும் காற்றைவிடச் சூடானது என்பதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். சூடான காற்று அடர்த்தியும் குறைந்தது. 15 டிகிரியைவிட 40 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றின் எடை 8 சதவீதம் குறைவு. ஆகவே எஞ்சின் உள்ளே இழுக்கும் ஆக்சிஜனும் குறையும், அதோடு சக்தியும் குறையும். மதியத்துக்கு மேல் மரக்காணம் பக்கத்திலிருந்து கடற்காற்று வந்தால் மனிதனுக்கு இதம். எஞ்சினுக்கோ அந்தக் காற்றில் உள்ள நீராவி, ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நான்கு சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். வெயில் ஒரு பக்கம் சக்தியைக் குறைத்து, மறுபக்கம் குளிர்ச்சியையும் குறைக்கிறது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு சக்தியை எப்படிக் கூட்டுவது? இதற்கு ஒரே அளவுள்ள இரண்டு எஞ்சின்களை ஒப்பிடுவது நல்ல பாடம். நமக்குப் பழக்கமான புல்லட் 500, 499 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி. 1950-களின் நார்ட்டன் மேங்க்ஸ் பந்தய பைக்கும் 500 வகுப்பில் கிட்டத்தட்ட அதே கொள்ளளவு, ஒற்றைச் சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி. புல்லட் தந்தது சுமார் 22 குதிரைத்திறன். மேங்க்ஸ் தந்தது 50-ஐ ஒட்டி. 1946-ல் இங்கிலாந்தின் கூப்பர் குடும்பம் சின்னதாகப் பந்தயக் கார் கட்டத் தொடங்கியபோது முதலில் ஜே.ஏ.பி. பைக் எஞ்சினைத்தான் முதுகுப்பக்கம் வைத்தார்கள். பின்னாளில் அந்த வகைக் கார்களில் நார்ட்டன் எஞ்சின் கோலோச்சியது. 1950-ல் ஃபார்முலா 3 என்ற பெயர் முதலில் கிடைத்ததே இந்த 500 சி.சி. கார்களுக்குத்தான். ஸ்டர்லிங் மாஸ் கார் பந்தயத்தில் பெயரெடுக்கத் தொடங்கியதும் 1948-ல் இப்படிப்பட்ட ஒரு கூப்பரில். இன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் கட்டுபவர்கள் செய்யும் வேலையின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த 22-க்கும் 50-க்கும் இடையில் என்ன நடந்தது? முதலில் சுழற்சி வேகம். புல்லட்டின் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 84 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 90 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 5,500 சுற்று என்றால் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 16.5 மீட்டர் வேகத்தில் மேலும் கீழும் ஓடுகிறது. 1954-க்குப் பிந்திய மேங்க்ஸில் போர் 86, ஸ்ட்ரோக் 85.6. 7,000 சுற்றில் நொடிக்கு 20 மீட்டர். 917 காரின் முதல் எஞ்சினில் போர் 85, ஸ்ட்ரோக் வெறும் 66. அதனால் 8,400 சுற்றுப் போனாலும் பிஸ்டன் வேகம் 18.5 மீட்டரைத் தாண்டவில்லை. இந்த மூன்றும் ஒரு சின்ன எல்லைக்குள்தான் வந்து நிற்கின்றன. கனெக்டிங் ராடும் பிஸ்டன் பின்னும் தாங்கும் அளவு அது. சுழற்சியைக் கூட்ட வேண்டுமானால் ஸ்ட்ரோக்கைக் குறைத்து போரைக் கூட்ட வேண்டும். பழைய நீள ஸ்ட்ரோக் புல்லட்டை வெறுமனே முறுக்கி 7,000-க்குக் கொண்டுபோக நினைப்பது ராடுக்கு வைக்கும் வெடி.

அடுத்தது மூச்சு. இன்லெட் போர்ட்டைக் கண்ணாடிபோல் பளபளப்பாக்கினால் சக்தி கூடும் என்று பல பட்டறைகளில் நம்புகிறார்கள். பளபளப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. வால்வுக்கு அருகே காற்று திரும்பும் வளைவு எப்படி இருக்கிறது, வால்வு சீட்டின் கோணங்கள் எப்படி வெட்டப்பட்டிருக்கின்றன என்பவைதான் காரியம். பிறகு, வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைத் தீர்மானிக்கும் கேம்ஷாஃப்ட். புகை வெளியேறும் வேகம் தனக்குப் பின்னால் ஒரு வெறுமையை இழுத்து வரும். அந்த நேரத்தில் இன்லெட் வால்வும் திறந்திருந்தால் பிஸ்டன் இழுப்பதற்கு முன்பே புதுக்கலவை உள்ளே பாயும். சைலன்சர் குழாயின் நீளத்தை வைத்து இந்த அலை எந்தச் சுழற்சியில் வந்து சேர வேண்டும் என்று தீர்மானிக்கலாம். நம் ஊரில் ஆர்.எக்ஸ்.100 வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. அந்த 98 சி.சி. டூ ஸ்ட்ரோக்கின் உயிரே சைலன்சரின் வயிற்றில்தான் இருந்தது.

மூன்றாவது கம்ப்ரஷன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எஞ்சின் கட்டும் கலை கண்ணுக்குத் தெரிவது இந்த இடத்தில்தான்.

பழைய புல்லட் 500-ன் கம்ப்ரஷன் விகிதம் 6.5. இதைப் 10 ஆக்கினால், புத்தகக் கணக்குப்படி அதே பெட்ரோலில் 14 சதவீதம் கூடுதல் வேலை கிடைக்கும். விகிதம் 6.5 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 91 சி.சி. விகிதம் 10 வேண்டுமானால் அது 55 சி.சி. ஆக வேண்டும். 36 சி.சி. குறைய வேண்டும். லேத்தில் ஹெட்டின் முகத்தைச் சீவினால் ஆகாதா? 84 மில்லிமீட்டர் போரில் ஒரு மில்லிமீட்டர் சீவினால் 5.5 சி.சி.தான் குறையும். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் சீவினால் ஹெட்டில் என்ன மிஞ்சும்? அதனால் தலை குவிந்த பிஸ்டன் போட வேண்டும்.

அளப்பது எப்படி என்பதைப் பட்டறையில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்து, வால்வுகளையும் பிளக்கையும் பொருத்தி, விளிம்பில் மெல்லிதாக கிரீஸ் தடவுவார்கள். மேலே நடுவில் துளையிட்ட ஒரு கண்ணாடித் துண்டு. மருந்துக்கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சில் மண்ணெண்ணெயை நிரப்பி, அந்தத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுவார்கள். கண்ணாடிக்கு அடியில் காற்றுக் குமிழி முழுதும் மறையும் வரை விட வேண்டும். “எவ்வளவுண்ணே வருது?” என்று உதவிக்கு நிற்கும் பையன் கேட்க, சிரிஞ்சின் கோட்டைப் பார்த்து ஒரு சி.சி. துல்லியத்தில் பதில் வரும். லட்சக்கணக்கில் விலைபோகும் போர்ஷே எஞ்சினைக் கட்டுபவரும் இதே முறையில்தான் ஒவ்வொரு ஹெட்டையும் அளந்து, ஆறு சிலிண்டரும் ஒரே அளவாக வரும்வரை தேய்க்கிறார்.

அதற்கடுத்து, ஹெட்டின் ஓரத் தட்டைக்கும் பிஸ்டன் ஓரத்துக்கும் இடையே உள்ள இடைவெளி. மின்சாதனங்களில் பற்றவைக்கும் மெல்லிய ஈயக் கம்பியை வளைத்து பிஸ்டன் தலையில் கிரீஸால் ஒட்டி, ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பிரிப்பார்கள். நசுங்கிய கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்தால் அதுவே இடைவெளி. ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. பிஸ்டன் மேலே வரும்போது அந்த ஓரத்தில் உள்ள கலவை நடுவை நோக்கிப் பீய்ச்சப்பட்டுச் சுழலும், தீ வேகமாகப் பரவும், கலவை தானாக வெடிக்கும் நாக்கிங் குறையும். இரண்டு மில்லிமீட்டரில் இருந்தால் இந்த நன்மை போய், எரியாத கலவை ஓரத்தில் ஒதுங்கித் தானாக வெடிக்கும். அரை மில்லிமீட்டருக்கு இறக்கினால், உச்ச சுழற்சியில் ராடு நீளும்போது பிஸ்டன் ஹெட்டில் மோதும்.

குவிந்த பிஸ்டனுக்கு ஒரு குறை உண்டு. நடுவில் மேடு எழுந்துவிட்டதால் பிளக்கில் பிறக்கும் தீ அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போர்ஷே தன் பந்தய எஞ்சின்களில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்ததன் காரணம் இதுதான். தீ இரண்டு பக்கமிருந்தும் கிளம்பினால் முன்கூட்டியே பற்றவைக்க வேண்டிய அவசியம் குறைகிறது, ஹெட்டுக்குப் போகும் வெப்பமும் குறைகிறது. பல்சரில் இரட்டைப் பிளக் வந்தபோது பலர் அதை விளம்பர வித்தை என்று நினைத்தார்கள். அதற்குப் பின்னால் இருப்பது பந்தயக் களத்தில் பழகிய இயற்பியல்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் எவ்வளவு இடம் விடுவது என்பது காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில் உயிர்ப் பிரச்சினை. தண்ணீர் ஓடும் எஞ்சினில் சிலிண்டர் சுவர் ஏறக்குறைய 100 டிகிரியைச் சுற்றி நிலையாக இருக்கும். காற்றை நம்பும் எஞ்சினில் அது சுமைக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். முன்பக்கம் ஒரு சூடு, பின்பக்கம் வேறு சூடு. 84 மில்லிமீட்டர் அலுமினியப் பிஸ்டனின் தலை 200 டிகிரி சூடேறினால் 0.4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விரியும். வார்ப்பிரும்புச் சிலிண்டர் 130 டிகிரி ஏறினால் 0.12 மில்லிமீட்டர்தான் விரியும். அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரிவதால் இந்த வம்பு. அதனால்தான் பிஸ்டனின் தலைப்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சற்றுச் சிறிதாகக் கடையப்பட்டிருக்கிறது. போரிங் போடும்போது இடைவெளியைக் குறைத்துவிட்டால், நெடுஞ்சாலையில் முழு திராட்டிலில் நாலைந்து நிமிடம் போனதும் பிஸ்டன் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பட்டறை மொழியில் சீஸ். ரிங் முனைகளுக்கு இடையிலான இடைவெளியும் அப்படித்தான். சூட்டில் ரிங் விரிந்து இரண்டு முனையும் முட்டினால் சிலிண்டர் சுவரில் கோடு கிழிக்கும். நம் வெயிலுக்கு இந்த இரண்டு இடைவெளிகளையும் கொஞ்சம் தாராளமாகவே விடுவது நல்லது. குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் சத்தம் வந்தாலும் பரவாயில்லை.

எண்ணெய் இங்கே வெறும் வழுக்கும் பொருள் அல்ல. காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் என்று பெயர் இருந்தாலும் வெப்பத்தில் பெரும் பங்கை எண்ணெய்தான் சுமக்கிறது. போர்ஷே 911-ல் எண்ணெய்க்குத் தனித் தொட்டி, தனிக் குளிர்விப்பான், பிஸ்டனின் அடிவயிற்றில் எண்ணெயைப் பீய்ச்சும் சிறு குழாய்கள் எல்லாம் படிப்படியாக வந்தது இதற்காக. எண்ணெய் என்றதும் திண்டிவனம் நினைவுக்கு வர வேண்டும். அங்கேயுள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.எம்.வி. மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்களை இந்தப் பக்கத்து விவசாயிகள் தலைமுறைகளாக விதைத்திருக்கிறார்கள். அதே நிலையம் டி.எம்.வி. 5, டி.எம்.வி. 6 என்று ஆமணக்கு ரகங்களையும் தந்திருக்கிறது. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களும், 1950-கள் வரை பந்தய மைதானங்களில் ஓடிய பைக்குகளும் ஆமணக்கெண்ணெயைக் குடித்து ஓடியவை. ஆமணக்கின் கொழுப்பமிலத்தில் இருக்கும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணத்தையும், சூட்டிலும் நீர்த்துப்போகாத தடிமனையும் தருகிறது. பெட்ரோலில் எளிதில் கரையாது என்பது சுழல் எஞ்சின்களுக்குக் கூடுதல் லாபம். குறையும் உண்டு. சூடுபட்டால் கோந்துபோல் இறுகி ரிங்கை ஒட்டவைத்துவிடும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் வடித்துவிட வேண்டும். அதனால்தான் தெரு வண்டிகளுக்குக் கனிம எண்ணெயும் பிறகு செயற்கை எண்ணெயும் வந்தன. ஆனாலும் ஆமணக்கின் அந்த ஒட்டும் குணத்தைத் தொட, செயற்கை எண்ணெய்களுக்கு வெகுகாலம் பிடித்தது.

எரிபொருளிலும் இந்த மாவட்டத்துக்குப் பங்கு உண்டு. விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரம் வரும் வழியில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்தவர்களுக்கு அந்தச் சாலை நன்றாகத் தெரியும். கரும்புப் பாகிலிருந்து எத்தனால் எடுக்கலாம். இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால்தான். காற்றுக் குளிர்ச்சிப் பந்தய எஞ்சினுக்குச் சாராய வகை எரிபொருள் பழைய நண்பன். ஒரு கிலோ எத்தனால் ஆவியாவதற்கு, பெட்ரோலைப் போல இரண்டரை மடங்கு வெப்பத்தை உறிஞ்சும். அதோடு ஒரு கிலோ காற்றுக்குத் தேவைப்படும் எத்தனால் பெட்ரோலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டையும் பெருக்கினால், உள்ளே போகும் காற்று ஏறத்தாழ நான்கு மடங்கு குளிர்ச்சியைப் பெறுகிறது. இதே காரணத்தால்தான் முன்பு சொன்ன ஜே.ஏ.பி. எஞ்சின்கள் மெத்தனாலில் அவ்வளவு கம்ப்ரஷனைத் தாங்கின.

கார்ப்ரேட்டர் வைத்த பழைய வண்டிக்கு இந்த 20 சதவீதம் ஒரு சிக்கலையும் கொண்டு வருகிறது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றாமல் விட்டால் கலவை ஆறேழு சதவீதம் மெலிந்துபோகும். மெலிந்த கலவையில் முழு திராட்டில் போனால் ஹெட் சூடேறும். வெயிலில் காற்று அடர்த்தி குறைவதால் கார்ப்ரேட்டர் தானாகவே கலவையைக் கொஞ்சம் கெட்டியாக்கும் என்பதால் மே மாதத்தில் இந்தக் குறை பாதி மறைந்துவிடும். மார்கழி விடியலில் 20 டிகிரி காற்றில் அதே வண்டியை முறுக்கினால்தான் மெலிவு முழுதாக வெளியே வரும். வெயில் காலத்தில் செட்டிங் செய்து, தை மாதத்தில் சீஸ் ஆக்கியவர்களுக்குக் காரணம் புரியாமல் போவது இதனால்தான். பந்தயக்காரர்கள் ஒவ்வொரு பந்தய நாளும் காலையில் ஒரு ஜெட், மதியம் ஒரு ஜெட் மாற்றுவதும் இதற்காகத்தான். முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் உடனே ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும் என்றாலும் 250-ஐத் தாண்டினாலே அதன் வலிமையில் பெரும்பகுதி போய்விடும்.

காற்றுக் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். சோய்சிரோ ஹோண்டா தண்ணீர் இல்லாத எஞ்சின்மேல் அசையாத நம்பிக்கை வைத்திருந்தார். 1968-ல் அவர் நிறுவனம் ஃபார்முலா 1-க்கு மூன்று லிட்டர் காற்றுக் குளிர்ச்சி வி-8 எஞ்சினோடு ஆர்.ஏ.302 காரைக் கட்டியது. ஜான் சர்டீஸ் ஓட்டிப் பார்த்து, இது பந்தயத்துக்குத் தயாராகவில்லை என்று மறுத்துவிட்டார். ஜூலை 7 அன்று ரூவானில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ஜோ ஷ்லெஸ்ஸர் அதை ஓட்டினார். மழையில் கார் தடத்தை விட்டு விலகித் தீப்பற்றியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. விபத்துக்குக் காற்றுக் குளிர்ச்சியே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சூட்டை அடக்க முடியாத எஞ்சினை அவசரமாகக் களத்தில் இறக்கியது பெரும் தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

போர்ஷே அந்த எல்லையை வேறு வழியில் கண்டுகொண்டது. 1973-ல் 917/30 காரில் டர்போ சேர்த்து ஆயிரத்து நூறு குதிரைத்திறனை விசிறிக் காற்றிலேயே எடுத்துக் காட்டியவர்கள், 1978-ல் 935 பந்தயக் காருக்குச் சிலிண்டருக்கு நான்கு வால்வு ஹெட் செய்தபோது ஹெட்டுக்கு மட்டும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே உள்ள குறுகிய உலோகப் பாலத்தில்தான் சூடு மிக அதிகம். அங்கே காற்று புக இடமில்லை. இரண்டு வால்வோடு நின்றால் மூச்சு குறைவு, நான்கு வால்வுக்குப் போனால் குளிர்ச்சி குறைவு. தெருவுக்கு வரும் 911 மட்டும் 1998 வரை விசிறியோடு ஓடியது.

அந்த முடிச்சுக்கு ஒரு நல்ல பதில் இன்று திண்டிவனத்துக்கு வடக்கே, ஒரகடம் பக்கத்தில் தயாராகிறது. ராயல் என்ஃபீல்டின் 648 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், 78 மில்லிமீட்டர் போர், 67.8 ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு நான்கு வால்வு. ஃபின்களோடு எண்ணெய்க் குளிர்விப்பானும் சேர்த்து, ஹெட்டின் சூடான இடங்களை எண்ணெயால் கழுவுகிறது. தெரு நிலையில் 47 குதிரைத்திறன், 7,000-க்குச் சற்று மேற்பட்ட சுற்றில். அப்போது பிஸ்டன் வேகம் நொடிக்கு 16 மீட்டர்தான். அந்தப் பழைய புல்லட்டைவிடச் சுகமாக ஓடுகிறது. 2018-ல் அமெரிக்காவின் பான்வில் உப்புத் தளத்தில் கெய்லா ரிவாஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண் இந்த எஞ்சினைப் பந்தயத்துக்காகத் திருத்திய ஒரு பைக்கில் மணிக்கு 252 கிலோமீட்டரைத் தொட்டார். 2021 முதல் கான்டினென்டல் ஜி.டி. கோப்பை என்ற பெயரில், எல்லோருக்கும் ஒரே வகை வண்டி கொடுத்து நடத்தும் பந்தயத்தில் இதே எஞ்சின் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடுகிறது. கார் பந்தயத்துக்காக உழைத்து 1995-ல் மறைந்த கரிவர்தன் பெயரில் அமைந்த தடம் அது.

சோழவரத்தில் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில், இங்கே எஞ்சின் தயார்செய்தவர்களுக்கு வெளிநாட்டுப் புத்தகமும் சொந்தக் காதும்தான் துணை. இன்று விழுப்புரம், திண்டிவனம் பட்டறைகளில் டிராக்டருக்கும் ஆயில் எஞ்சினுக்கும் போரிங் போடும் அதே எந்திரத்தில் பழைய புல்லட் சிலிண்டரும் வந்து நிற்கிறது. கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. பெரிய பிஸ்டன் போட்டு சி.சி.யைக் கூட்டுவதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, பிளக்குக்கு அடியில் வாஷர்போல் வைக்கும் வெப்ப உணரிக்கும் ஓர் எண்ணெய்க் குளிர்விப்பானுக்கும் கொடுத்தால் அந்த எஞ்சின்கள் பல மடங்கு நாள் ஓடும். ஹெட்டின் சூட்டை எண்ணாகப் பார்க்கத் தொடங்கியவர் எந்த ஜெட், எந்தப் பற்றவைப்பு நேரம், எந்த வேகத்தில் எத்தனை நிமிடம் என்பதைச் சொந்தமாக எழுதிவைத்துக்கொள்வார். சோதித்துப் பார்க்க நெடுஞ்சாலை வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தடம் இருக்கிறது. மே மாதத்து மதியத்தில் ஒரு முறை, மார்கழிக் காலையில் ஒரு முறை அங்கே ஓட்டி எடுத்த குறிப்புகள், எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் கிடைக்காத அளவுகளை நமக்குத் தரும்.